புது மேனேஜர் வந்தாச்சு, இனி என்ன?

வாசகர் கேள்வி பதில்: கால்பந்துப் பக்கம்

சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கிளப் புது மேனேஜரை, அதாவது டீமை நடத்தும் தலைமைக் கோச்சை, அறிவிக்கிறது, அன்றைக்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் என் நண்பர்களும் பள்ளிக்கூட நாளிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். ஒவ்வொரு முறை புது மேனேஜர் பெயர் வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அடிதடிதான். பாதிப் பேர் ‘காப்பாத்த ஆள் வந்தாச்சு’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘சீசன் முடிஞ்சுது, மூட்டையைக் கட்டு’ என்கிறார்கள். போன தடவை ஒருத்தன் குரூப்பை விட்டே போய்விட்டான். ஒரு மேட்ச் கூட ஆடாமல் இப்படிப் பேசுவது சரியா?
(வாசகர், ஐந்து ரோடு, சேலம்)

பேசுவதில் தப்பே இல்லை தம்பி. ஆனால் பெயர் வெளியான அன்றைக்கு வரும் கோபத்தில் முக்கால்வாசி, போனவர் விட்டுவிட்டுப் போன வலி. அதைப் புதுசாக வந்தவர் தலையில் கொட்டுகிறோம், அங்கேதான் எனக்கு வருத்தம்.

உங்கள் கிளப்பையே பாருங்கள். பதின்மூன்று லீக் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு 2013-இல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அவரே கைகாட்டிய டேவிட் மோயஸ் ஆறு வருஷ ஒப்பந்தத்தோடு வந்தார், அவரைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று கொண்டாடி கேலரியில் பேனரே கட்டினார்கள். 2014 மார்ச்சில் ஆஸ்டன் வில்லாவோடு மேட்ச் நடக்கும்போது மைதானத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம், தப்பான ஆள், மோயஸ் வெளியே போ என்று எழுதிய பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. அந்த மேட்சை யுனைடெட் 4-1 என்று ஜெயித்தது. அப்படியும் அடுத்த மாதமே அவர் வேலை போய்விட்டது. அப்புறம் வான் ஹால், மொரீனியோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று வரிசை நீண்டது, நடுவில் ராங்னிக் கொஞ்ச நாள். இத்தனை பேரை நம்பி ஏமாந்த ரசிகன் அடுத்த பெயரைக் கேட்டதும் வெடிக்காமல் என்ன செய்வான்? உங்கள் குரூப்பை விட்டுப்போனவரைப் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்கு வலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த முதல் நாள் தீர்ப்பு பலிக்குமா என்றால், பலிப்பதில்லை. 1996-இல் ஜப்பானில் நகோயா கிளப்பில் இருந்த ஆர்சன் வெங்கரை ஆர்சனல் கூட்டி வந்தபோது லண்டன் பத்திரிகை ஒன்று யார் இந்த ஆர்சன் என்று தலைப்பே போட்டது. 1998-இல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து வந்தன. 2003-04-இல் 38 மேட்சில் ஒன்றில்கூட தோற்காமல் பட்டம் எடுத்தார். கிளாடியோ ரனியேரி கதை இன்னும் பெரிசு. கிரீஸ் தேசிய அணியில் இருந்தபோது ஃபாரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்று வெளியே அனுப்பப்பட்டவர், 2015 ஜூலையில் இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்புக்கு வந்தார். அந்த ஊரிலேயே பிறந்து அந்தக் கிளப்புக்கே ஆடிய கேரி லினெக்கர், நிஜமாகவே ரனியேரியா என்று ட்விட்டரில் கேட்டார். பந்தயக் கம்பெனிகள் லெஸ்டர் பட்டம் ஜெயித்தால் ஒன்றுக்கு 5000 தருவதாகச் சொல்லியிருந்த சீசன் அது. 2016-இல் லெஸ்டர் சாம்பியன்.

ஃபெர்குசனையே யார் கொண்டாடி வரவேற்றார்கள்? 1986 நவம்பரில் அவருடைய முதல் மேட்ச், ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 தோல்வி. 1989 டிசம்பரில், மூன்று வருஷமாகச் சாக்குப்போக்குதான் என்று எழுதிய துணியை ஒரு ரசிகர் கேலரியில் தூக்கிப் பிடித்தார். முதல் கோப்பை 1990-இல்தான் வந்தது, முதல் லீக் பட்டம் 1993-இல்.

அதனால் சண்டை போடுங்கள், ஆனால் கேள்வியை ஆளைக் கூட்டி வந்தவர்களிடம் கேளுங்கள். யார் தேர்ந்தெடுத்தது, எதற்காக, இவர் ஆடவைக்கும் ஆட்டத்துக்கு ஆட்கள் கையில் இருக்கிறார்களா, எத்தனை நாள் கொடுக்கப்போகிறார்கள். ரசிகன் கேட்டால் சில சமயம் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்கிறார்கள். 2021 ஜூனில் டாட்டன்ஹாம், கத்தூசோவைக் கொண்டுவரப் பேச்சு நடத்தியபோது பெண்களைப் பற்றியும் நிறவெறி பற்றியும் அவர் முன்பு பேசியதை எடுத்துப்போட்டு ரசிகர்கள் கொந்தளித்தார்கள், கிளப் பேச்சைக் கைவிட்டது. அது நியாயமான எதிர்ப்பு. ஆனால் செல்சியில் கிரகாம் பாட்டர் இருந்தபோது அவரும் அவர் பிள்ளைகளும் சாக வேண்டும் என்று மின்னஞ்சல் வந்ததாக 2023 பிப்ரவரியில் அவரே சொன்னார். அதை எழுதியவனை நான் ரசிகன் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உங்கள் குரூப்பில் யாராவது மேனேஜரின் குடும்பத்தை இழுத்தால் அந்த ஆளைத் தயங்காமல் வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: புது மேனேஜர் வந்தால் முதல் சில மேட்ச் டீம் ஜெயிக்கும் என்கிறார்களே, அது உண்மையா? அதை நம்பித்தான் எல்லாரும் பழையவரைத் துரத்துகிறார்களா?
(தறி ஓட்டும் வாசகர், அம்மாபேட்டை)

கண்ணுக்குத் தெரிவது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் பாதி தப்பு. நெதர்லாந்து முதல் டிவிஷன் லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களை பாஸ் டெர் வேல் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2011-இல் எழுதினார். மேனேஜரை நீக்கிய கிளப்களோடு, அதே மாதிரி சரிந்தும் நீக்காமல் பொறுத்திருந்த கிளப்களை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுந்து வந்திருக்கின்றன. தொடர்ந்து தோற்றுக் கிடந்த டீமுக்கு அடிபட்டவர் திரும்பி வருவார், போஸ்டில் பட்டுத் தெறித்த பந்து ஒருநாள் உள்ளே போகும், லேசான எதிரணியும் வரும். அந்த நேரத்தில் மைதான ஓரத்தில் மேனேஜராக யார் நிற்கிறாரோ அவருக்குப் பேர்.

சோல்ஷேரை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 டிசம்பரில் தற்காலிகமாக வந்தார், முதல் மேட்சில் கார்டிஃபை 5-1, அப்படியே வரிசையாக எட்டு வெற்றி. பாரிஸில் போய் பி.எஸ்.ஜி.யை 3-1 என்று கவிழ்த்ததும் எல்லாரும் வேலையை நிரந்தரமாக்கு என்று கத்தினார்கள், 2019 மார்ச் கடைசியில் ஆக்கினார்கள். சீசனின் கடைசி மேட்சில் அதே கார்டிஃப், லீகிலிருந்தே இறங்கிப்போவது உறுதியாகிவிட்ட கார்டிஃப், ஓல்ட் டிராஃபர்டுக்கே வந்து 2-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. டாட்டன்ஹாமில் நூனோ 2021 ஆகஸ்டில் மூன்று மேட்சையும் 1-0 என்று ஜெயித்தார், அதில் ஒன்று மான்செஸ்டர் சிட்டி. அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதும் வாங்கினார். நவம்பர் 1 அன்று அவரை நீக்கிவிட்டார்கள்.

எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. 2021 ஜனவரியில், செல்சிக்கே பல வருஷம் ஆடிய லாம்பார்டை அனுப்பிவிட்டு டூகெலைக் கொண்டுவந்தபோது செல்சி ரசிகர்கள் கொதித்தார்கள், தங்கள் சொந்தப் பிள்ளையைத் துரத்திவிட்டார்கள் என்று. நாலே மாதத்தில் போர்ட்டோவில் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து, ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வந்தது. அவர் வந்ததும் டிஃபென்ஸில் மூன்று பேரை நிறுத்தினார், கோல் விழுவது நின்றது. அது வேலை, அதிர்ஷ்டம் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி மாற்றிவிட முடியாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீளவாக்கில் பாவு நூல் ஏற்றிய தறியில் புது நெசவாளி வந்து உட்கார்ந்தால் குறுக்கே ஓடும் ஊடையைத்தான் மாற்ற முடியும். 2024 நவம்பரில், சீசன் நடுவில், யுனைடெட்டுக்கு அமோரிம் வந்தபோது, பின்னால் மூன்று, நடுவில் நாலு, முன்னால் மூன்று பேர் நிற்கும் அவருடைய 3-4-3 ஆட்டத்துக்கு இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓட விங்பேக்குகள் வேண்டும். கையில் இருந்த ஆட்களோ நாலு பேர் டிஃபென்ஸுக்கு என்று வாங்கியவர்கள். லீக்கில் 15-வது இடம், யூரோபா லீக் ஃபைனலில் தோல்வி. கொஞ்ச மாதம் முன்னால் லிவர்பூலில் க்ளாப் இடத்துக்கு வந்த ஆர்னே ஸ்லாட் அந்த டீமைக் கலைக்கவே இல்லை. அந்த சீசனில் புதுசாக வந்து ஆடியவர் கியேசா ஒருவர்தான், அவரும் பெரும்பாலும் பெஞ்சில். நாலு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே பட்டம்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அவனுக்குப் பிடித்த கிளப்பில் மேனேஜரை மாற்றியதிலிருந்து ராத்திரியெல்லாம் முழிப்பு, காலையில் யாரிடமும் பேச்சு இல்லை. மேட்ச் பார்ப்பதை நிறுத்திவிடலாமா?
(தாய், சூரமங்கலம்)

நிறுத்தாதீர்கள் அம்மா. அவனுக்கு அது நிஜமான துக்கம், ‘போயும் போயும் ஒரு விளையாட்டுக்கா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். இங்கிலீஷ் லீக்கில் சனிக்கிழமை மேட்சுகள் நம் நேரப்படி சாயந்திரத்திலிருந்தே தொடங்குகின்றன, அதைத் தாராளமாகப் பார்க்கட்டும். சாம்பியன்ஸ் லீக்தான் குளிர்காலத்தில் ராத்திரி 1:30-க்கு ஆரம்பிக்கிறது. அதைப் பொதுத்தேர்வு முடியும் வரை மறுநாள் காலையில் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, யாரை மாற்றினார்கள், ஏன் என்று அவனிடமே கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: புது மேனேஜர் நல்லவரா இல்லையா என்பதை ஸ்கோரைப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? முதல் மேட்சில் எதைக் கவனிக்க வேண்டும்?
(கல்லூரி மாணவி, ஏற்காடு)

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்தது. உண்டு, பந்தை விட்டுக் கொஞ்சம் கண்ணை எடுக்கப் பழக வேண்டும், டி.வி.யில் அது சிரமம்தான், ஆனாலும் முடியும்.

கோல் கிக்கிலிருந்து தொடங்குங்கள். கோல்கீப்பர் பந்தை வைத்ததும் இரண்டு டிஃபென்டர்களும் பக்கத்தில் வந்து நிற்கிறார்களா, இல்லை எல்லாரும் நடுக்கோட்டுப் பக்கம் ஓடிப்போய்த் தலையால் முட்டக் காத்திருக்கிறார்களா? போன மேனேஜர் காலத்தில் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பயிற்சியில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். 2016-இல் கார்டியோலா சிட்டிக்கு வந்த கையோடு, பல வருஷமாக நின்ற ஜோ ஹார்ட்டை அனுப்பிவிட்டு, காலால் பாஸ் போடத் தெரிந்தவர் வேண்டும் என்று கிளாடியோ பிராவோவை எடுத்தார். ரசிகர்களுக்குத் தாங்கவில்லை, பிராவோவும் அந்த வருஷம் சொதப்பினார், கோப்பை ஒன்றும் வரவில்லை. அடுத்த சீசனில் அதே வழியில், எடர்சன் கோலில் நிற்க, 100 பாயின்டோடு லீக் பட்டம்.

அடுத்தது பந்தைப் பறிகொடுத்த உடனே வரும் சில நொடிகள். எல்லாக் கேமராவும் பந்தைப் பறித்தவரைக் காட்டும். நீங்கள் இழந்தவரைப் பாருங்கள், கையை விரித்து ரெஃப்ரியைப் பார்க்கிறாரா, துரத்துகிறாரா? அவர் மட்டும் துரத்தி மற்ற மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தால் அது அவருடைய ரோஷம். பக்கத்திலிருக்கும் இருவரும் சேர்ந்தே பாய்ந்தால் மேனேஜர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என்னைக் கேட்டால் ஒரு மேனேஜரின் வேலை முதன்முதலில் தெரிவது இங்கேதான், கோலில் தெரிய ரொம்ப நாளாகும்.

ஆள் மாற்றுவதையும் பாருங்கள். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது 60-வது நிமிஷத்தில் தைரியமாக மாற்றுகிறாரா, 85 வரை தள்ளிப்போடுகிறாரா, மாற்றிய பிறகு நிற்கும் இடங்களும் மாறுகின்றனவா. பழைய மேனேஜர் ஓரங்கட்டிய ஆட்டக்காரர் யாரை இவர் திரும்ப எடுக்கிறார் என்பதிலும் நிறைய தெரியும்.

இதெல்லாம் நன்றாக இருந்து மேட்ச் தோற்றால் கவலைப்படாதீர்கள். இது ஒன்றுமே இல்லாமல் கடைசி நிமிஷ பெனால்டியில் ஜெயித்தால் நான் கொஞ்சம் கவலைப்படுவேன். மலையில் மழைக்காலத்தில் கரன்ட் போகும் என்று தெரியும், முதல் பாதி மட்டும் பார்க்கக் கிடைத்தாலும் இவ்வளவும் பார்த்துவிடலாம்.

கேள்வி: சென்னையின் எஃப்.சி. மேட்சுக்காக சேலத்திலிருந்து நேரு ஸ்டேடியம் போய், முடிந்ததும் சென்ட்ரலுக்கு ஓடி ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்து விடியற்காலையில் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் நாங்கள். கோச்சை மாற்றிக்கொண்டே இருந்தால் யாரை நம்பி வருவது? இதில் இந்திய கோச் சரிப்படுவாரா என்று வேறு பேச்சு.
(வாசகர், சேவாய்ப்பேட்டை)

உங்களுக்குத்தான் இதைக் கேட்க முதல் உரிமை. டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கோபத்தைவிட, தூக்கத்தைத் தொலைத்துவிட்டு மறுநாள் கடை திறக்கிறவரின் கோபத்துக்குக் கிளப் பதில் சொல்லியாக வேண்டும்.

மட்டராசி மூன்று சீசன் இருந்தார், 2015-இல் கடைசி இடத்தில் கிடந்து எழுந்து சாம்பியன் ஆனார்கள். ஜான் கிரகரி வந்த முதல் சீசனிலேயே, 2018-இல், ஃபைனலில் பெங்களூரில் போய் பெங்களூரை 3-2 என்று ஜெயித்தார். பிறகு 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் என்ற கோச் வந்து, அடியில் கிடந்த டீமை ஃபைனல் வரை இழுத்து வந்தார். கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவா ஸ்டேடியத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. அந்த மனுஷனைத் தக்கவைத்திருக்க வேண்டும். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22-இல், லீக் பட்டியலில் முதலிடத்துக்குத் தரும் லீக் ஷீல்டை வாங்கிக்கொடுத்தார். இங்கேயோ லாஸ்லோ, பந்தோவிச், பிர்டாரிச் என்று வருஷத்துக்கு ஒருவர். 2023-இல் அதே ஓவன் கோய்லைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தர் வரும்போதும் ‘நீண்டகாலத் திட்டம்’ என்ற பேச்சு கேட்டது, சீசன் முடிந்ததும் திட்டத்தோடு ஆளும் போனார். அதனால் கோபம் கோச் மேல் போக நியாயமே இல்லை.

இந்திய கோச் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். இந்தியா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது 1951-லும் 1962-லும், இரண்டும் ஹைதராபாத்காரர் சையது அப்துல் ரஹீம் கோச்சாக இருந்தபோது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடமும் அவர் காலம்தான். காலித் ஜமீல் 2016-17-இல் மிசோரமின் அய்ஸால் கிளப்பை வைத்து ஐ-லீக் பட்டம் எடுத்துக்காட்டினார், அப்படியும் தேசிய அணிக்கு அவரைக் கூப்பிட 2025 ஆகஸ்ட் ஆனது. உடனே ஓமனைப் பெனால்டியில் ஜெயித்து மத்திய ஆசிய நாடுகளின் சி.ஏ.எஃப்.ஏ. நேஷன்ஸ் கோப்பையில் மூன்றாமிடம், எல்லாரும் தலையில் தூக்கி வைத்தார்கள். அக்டோபரில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது, அதே ஆட்கள் திட்டினார்கள். அதற்கு முந்தைய தகுதிச்சுற்று மேட்சுகளில் தொலைத்த பாயின்டையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதினார்கள், அது அநியாயம். சென்னையினில் 2025-இல் பொறுப்பேற்ற கிளிஃபர்ட் மிராண்டா 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். பாஸ்போர்ட்டைப் பார்த்து எடைபோடாமல் செய்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மலை டீமுக்குப் பல வருஷமாகக் கோச்சாக இருந்த அண்ணன் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார். புதுசாக வந்தவர் சேலத்தில் லீக் ஆடியவர். வந்ததுமே சீனியர்கள் சிலரை உட்கார வைத்துவிட்டார். காப்பித் தோட்ட வேலை முடிந்து லேட்டாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி ஓடச் சொல்கிறார். மூன்று பேர் டீமை விட்டு விலகுவதாகச் சொல்கிறார்கள். பொங்கல் டோர்னமென்ட் பக்கத்தில் இருக்கிறது. அவரை மாற்றிவிடலாமா?
(டீம் கேப்டன், நாகலூர், ஏற்காடு)

மாற்ற வேண்டாம் தம்பி, ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். பெரிய கிளப்புக்கு இருக்கிற எல்லாச் சிக்கலும் உங்களுக்கும் இருக்கிறது, சம்பளம் மட்டும்தான் இல்லை. அதனால்தான் ரோஷம் இன்னும் அதிகமாக வருகிறது.

லேட்டுக்கு ஓடச் சொல்வது நியாயம் இல்லை, அதை நீங்கள் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து பழம் பறிக்கிற சீசன், பறித்ததை எடை போட்டு முடித்தால்தான் ஆள் நகர முடியும், இது சமவெளியிலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்காது. டிசம்பரில் சாயந்திரம் பனி இறங்கினால் இந்தக் கோல்போஸ்டிலிருந்து அந்தக் கோல்போஸ்ட் தெரியாது, அப்போது வேலை முடித்து ஓடிவந்தவனை ஓடவிட்டால் மிச்ச வெளிச்சமும் போய்விடும். ஞாயிறு காலையில் பெரிய பயிற்சியும், நடுவாரத்தில் வருகிறவர்களை வைத்துச் சின்னப் பயிற்சியும் வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். குரூப்பில் எழுதாதீர்கள், டீக்கடையிலும் வேண்டாம், தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

சீனியர்களை உட்காரவைத்தது வேறு விஷயம். அது அவர் உரிமை, அதில் கேப்டன் தலையிட்டால் அன்றைக்கே அவர் கோச் இல்லை. ஆனால் ஏன் உட்காரவைத்தார் என்று ஒவ்வொருத்தரிடமும் அவர் நேரில் சொல்லியாக வேண்டும். சரிவான மைதானத்தில் வளர்ந்த பையன்கள் பந்தைப் பள்ளத்துப் பக்கமே தள்ளி ஆடுவார்கள், அந்த வழக்கத்தை உடைக்கத்தான் சின்னப் பையன்களை எடுத்திருக்கிறாரோ என்னவோ, கேட்டால்தானே தெரியும். விலகப்போகிற மூன்று பேரிடமும் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லுங்கள். பழைய அண்ணனையும் ஓசூரிலிருந்து ஒரு போன் போடச் சொல்லுங்கள், புதுக் கோச்சுக்கு இல்லை, அந்த மூன்று பேருக்கு. அவர் சொன்னால் கேட்பார்கள்.

டோர்னமென்டில் முதல் மேட்சே தோற்றாலும் அவரை நீக்கும் பேச்சை எடுக்காதீர்கள். அடுத்த சீசன் தொடங்கும்போது எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம், அந்தக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள்.